டவுன்லோட்ஸில் எதுவும் இயங்கக் கூடாது: சிறிய அலுவலகத்தில் ஆப்லாக்கர் போடும் வழி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் கணக்கியல் அலுவலகம். மொத்தம் 14 கணினிகள். என் வேலை கணக்குப் பார்ப்பது. ஆனால் பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் கணினிப் பாதுகாப்பும் என் தலையில் வந்து விழுந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் பெயரில் வாட்ஸ்ஆப்பில் 'இன்வொய்ஸ் தெர்கினி' (மலாயில் 'அண்மைய விலைப்பட்டியல்') என்று ஒரு ஸிப் கோப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த தங்கை அதைத் திறந்தாள். உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரே ஒரு கோப்பு. பெயரின் முடிவில், இது இயங்கும் நிரல் என்று காட்டும் 'இஎக்ஸ்இ' என்ற மூன்றெழுத்தை விண்டோஸ் வழக்கம்போல் மறைத்துவிட்டது. அவள் இரண்டு முறை தட்டினாள். வைரஸ் தடுப்பி அன்றைக்குப் பிடித்துவிட்டது. அது பிடிக்காமல் போகும் நாளுக்கு என்ன செய்வது என்று தேடிப் போனபோதுதான், எந்த நிரல் இயங்கலாம், எது கூடாது என்று விதி போடும் வசதியாக விண்டோஸுக்குள்ளேயே சும்மா கிடந்த ஆப்லாக்கரைக் கண்டேன். அதைப் போட்டு முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் முழுக்க நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை.

அடிப்படை இதுதான்: ஊழியர் கோப்பு எழுத முடிகிற இடத்திலிருந்து எந்த நிரலும் இயங்கக் கூடாது, நிரல் இயங்குகிற இடத்தில் ஊழியரால் எழுத முடியக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

1. முதலில் காகித வேலை

கணினியைத் தொடுவதற்கு முன் மூன்று தாள்கள் வேண்டும்.

முதல் தாள், முதலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். வாய்ச்சொல் போதாது. ஏதாவது நின்றுபோகும் நாளில் 'யார் செய்யச் சொன்னது?' என்ற கேள்வி கட்டாயம் வரும். எங்கள் முதலாளி முதலில் பிடி கொடுக்கவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தத்தைக் காட்டினேன். 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவு கசிந்து பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் அலமாரியிலும் கணினியிலும் இருப்பவை ஊராரின் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டாவது, கணினிப் பட்டியல். யார் பயன்படுத்துகிறார், விண்டோஸின் எந்தப் பதிப்பு, அது ஹோமா ப்ரோவா, எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறார்.

மூன்றாவது, மென்பொருள் பட்டியல். இதில்தான் நேரம் போகும். பெயர் மட்டும் எழுதினால் பயனில்லை. ஒவ்வொரு மென்பொருளின் குறுக்குவழிச் சின்னத்தையும் வலச்சொடுக்கி, அது எந்தக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்றால் கவலையில்லை. 'ஆப்டேட்டா' (ஒவ்வொரு பயனருக்கும் உரிய, அவரே எழுதக்கூடிய கோப்புறை) என்று வந்தாலும், நேரே சி டிரைவின் கீழ் தனிக் கோப்புறை என்று வந்தாலும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். எங்கள் பட்டியலில் 31 மென்பொருள்கள், ஒன்பது சிவப்பு வட்டங்கள்.

2. விண்டோஸ் பதிப்பும் செலவும்

ஆப்லாக்கருக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் பழைய குறிப்புகளைப் படித்தால் 'எண்டர்பிரைஸ் பதிப்பில் மட்டுமே வேலை செய்யும்' என்று இருக்கும். நானும் அதை நம்பி இரண்டு வாரம் விட்டுவிட்டேன். கேபி 5024351 என்ற மேம்படுத்தலுக்குப் பிறகு, விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பு (அது ஆண்டு அல்ல) முதலும் விண்டோஸ் 11 முழுவதிலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ப்ரோ போதும்.

ஹோம் பதிப்பில் விதி எழுதும் திரையே கிடையாது. இங்குள்ள லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் ஹோம்தான் இருக்கும். எங்களிடம் அப்படி மூன்று இருந்தன. ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற அமெரிக்கப் பட்டியல் விலை 99 டாலர். கணினியில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே ரிங்கிட் விலையைப் பார்த்து வாங்கலாம். ஆன்லைன் சந்தையில் சில பத்து ரிங்கிட்டுக்கு விற்கும் சாவி எண்களைத் தொடாதீர்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையை எங்கிருந்து வந்தது என்று தெரியாத உரிமத்தில் தொடங்குவது அபத்தம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஓட்டைக் கூரையின் கீழ் பூட்டு மாட்டுவதற்கு முன் கூரையைப் பாருங்கள்.

கணினிகள் முப்பது நாற்பதைத் தாண்டினால் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து விதி போட முடியாது. எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் இன்ட்யூன் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம், அமெரிக்கப் பட்டியல் விலையில், ஆளுக்கு மாதம் 22 டாலர். அதில் எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி பகுதியில் 'ஆப் கன்ட்ரோல் ஃபார் பிசினஸ்' என்று ஆப்லாக்கரைவிட இறுக்கமான ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இப்போது பரிந்துரைப்பதும் அதைத்தான். ஆப்லாக்கருக்குப் புதிய வசதிகள் வரப்போவதில்லை. ஆனாலும் கணினித் துறை ஆளே இல்லாத 14 கணினி அலுவலகத்துக்கு ஆப்லாக்கர்தான் கைக்கு அடங்கும் என்பது என் கருத்து.

3. நிர்வாகிக் கணக்கைப் பிரியுங்கள்

இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது வீண். ஊழியர் நிர்வாகிக் கணக்கில் வேலை பார்த்தால், தடுக்கப்பட்ட கோப்பை வலச்சொடுக்கி 'நிர்வாகியாக இயக்கு' என்று கொடுத்தால் போதும், உங்கள் விதி எல்லாம் காற்றில் போய்விடும்.

ஒவ்வொரு கணினியிலும் தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு உருவாக்கி, கடவுச்சொல்லை நீங்களும் முதலாளியும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊழியரின் கணக்கைச் சாதாரணப் பயனராக மாற்றுங்கள். வரிசை முக்கியம்: புதிய நிர்வாகிக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்த்த பின்பே பழையதைத் தரமிறக்க வேண்டும். முணுமுணுப்பு வரும். எங்கள் அலுவலகத்தில் அதிகம் முணுமுணுத்தவர் முதலாளிதான்.

4. விதிகளை எழுதுதல்

நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ஸ்டார்ட் தேடலில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தட்டுங்கள். இடப்பக்கம் 'அப்ளிகேஷன் கன்ட்ரோல் பாலிசிஸ்', அதன் கீழ் 'ஆப்லாக்கர்'.

விதி எதையும் எழுதுவதற்கு முன் ஆப்லாக்கர் என்ற பெயரை வலச்சொடுக்கி 'பிராப்பர்டீஸ்' திறந்து, நான்கு பிரிவுகளையும் டிக் செய்து, நான்கையும் 'ஆடிட் ஒன்லி' (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) என்று வையுங்கள். இங்கேதான் நான் விழுந்தேன். 'நாட் கன்ஃபிகர்டு' என்று இருந்தபடியே விட்டுவிட்டு விதிகளை எழுதினேன். அமைக்காத ஒன்று செயல்படாது என்றுதானே நினைப்போம்? ஆப்லாக்கரில் அப்படி இல்லை. பிரிவுக்குள் விதி இருந்து, நிலை அமைக்கப்படாமல் இருந்தால், அந்த விதி அமலுக்கு வந்துவிடும்.

நான் எழுதியது இஎக்ஸ்இ பிரிவுக்கு மட்டும். இஎக்ஸ்இ விதி அமலில் இருக்கும்போது 'பேக்கேஜ்டு ஆப்' (மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகைச் செயலிகள்) பிரிவு வெறுமையாக இருந்தால், அந்த வகைச் செயலிகள் அனைத்தும் தடைபடும். கால்குலேட்டர் மட்டும் அல்ல, விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவும் அந்த வகைதான். மறுநாள் காலை எட்டே முக்காலுக்குத் தொலைபேசி: "அக்கா, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை." ஒரு கணினி அல்ல, விதி போட்டிருந்த ஐந்தும். அன்றைக்குத் தேதி 13. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), மாதாந்திர வரிப்பிடித்தம் மூன்றுக்கும் கெடு 15.

அந்த நிலையில் மாட்டிக்கொண்டால்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அது விண்டோஸ் கோப்புறையில் இருப்பதால் தடைபடாது. அதில் புதிய பணியைத் தொடங்கும் இடத்தில் நிர்வாகி அனுமதியை டிக் செய்து, 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' திரையின் 'செக்பால்' (secpol.msc) கோப்பைப் பெயர் தட்டித் திறந்து, ஆப்லாக்கரை வலச்சொடுக்கி 'கிளியர் பாலிசி' கொடுங்கள். பிறகு மறுதொடக்கம். எனக்கு இது தெரியாமல் பத்தரை மணி வரை வியர்த்தேன்.

சரியான வழி இது. நான்கு பிரிவுகளிலும், அதாவது இஎக்ஸ்இ, விண்டோஸ் இன்ஸ்டாலர், ஸ்கிரிப்ட், பேக்கேஜ்டு ஆப் ஆகிய ஒவ்வொன்றிலும், வலச்சொடுக்கி 'கிரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்' கொடுங்கள். இஎக்ஸ்இ பிரிவில் மூன்று விதிகள் வரும்: எல்லோரும் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து இயக்கலாம், எல்லோரும் விண்டோஸ் கோப்புறையிலிருந்து இயக்கலாம், நிர்வாகிகள் எங்கிருந்தும் இயக்கலாம். புரோகிராம் ஃபைல்ஸ் விதி 32 பிட் கோப்புறையையும் சேர்த்தே பிடிக்கும், தனியாக எழுத வேண்டாம். டிஎல்எல் (நிரல்கள் துணைக்கு அழைக்கும் கோப்புகள்) என்று ஐந்தாவது பிரிவு ஒன்று 'அட்வான்ஸ்டு' தாவலில் ஒளிந்திருக்கிறது. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம், கணினி மெதுவாகும்.

இவ்வளவு போட்டதும் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென்டிரைவ் எல்லாம் தாமாகவே தடுக்கப்பட்ட இடங்களாகிவிடும். 'டவுன்லோட்ஸைத் தடு' என்று தனியாக 'டினை' விதி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தடை விதி எப்போதும் அனுமதி விதியை வெல்லும். 'எல்லோருக்கும்' என்று எழுதினால் நிர்வாகியான நீங்களும் அங்கிருந்து எதையும் நிறுவ முடியாது.

இன்னொரு ஓட்டை: விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே சாதாரணப் பயனர் எழுதக்கூடிய மூலைகள் உண்டு. டெம்ப், டாஸ்க்ஸ், ட்ரேசிங், சிஸ்டம்32க்குள் ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று போகும் கோப்புறை ஆகியவை அவற்றில் சில. விண்டோஸ் கோப்புறைக்கான விதியைத் திறந்து 'எக்செப்ஷன்ஸ்' தாவலில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் பிரிவிலும் அதே வேலை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆக்ஸஸ்செக்' கருவியால் உங்கள் கணினியில் வேறு மூலைகள் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம்.

5. சிவப்பு வட்டங்கள்

ஆப்டேட்டாவில் உட்காரும் அரட்டை, கூட்டச் செயலிகளுக்கு நல்ல வழி, அவற்றை நீக்கிவிட்டு, கணினி முழுவதற்கும் நிறுவும் பதிப்பை இறக்கிப் புரோகிராம் ஃபைல்ஸில் போடுவது. எங்கள் ஒன்பதில் ஆறு இப்படியே தீர்ந்தன. அப்படிப் பதிப்பு இல்லாதவற்றுக்குப் 'பப்ளிஷர்' விதி எழுதுங்கள். கோப்பில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் இது நடக்கும். திரையில் ஒரு நகர்த்தி இருக்கும்; அதை அடியில் விடாமல் மென்பொருள் பெயர் வரும் இடம் வரை மேலே இழுத்துவிடுங்கள். அதற்கும் மேலே போனால் அந்த நிறுவனம் வெளியிட்ட எல்லாவற்றையும் அனுமதித்ததாகிவிடும்.

தலைவலி தந்தது கணக்கு மென்பொருள். நம் ஊரில் புழங்கும் இத்தகைய மென்பொருள் சில, சி டிரைவில் நேரடியாகத் தனிக் கோப்புறை போட்டுக்கொள்ளும். அந்தக் கோப்புறைக்குப் 'பாத்' விதி, அதாவது இந்த இடத்தில் இருப்பதை இயக்கலாம் என்ற விதி எழுதினால் உடனே வேலை நடக்கும், நானும் அதைத்தான் எழுதினேன். பிறகு கோப்புறையின் 'செக்யூரிட்டி' தாவலைத் திறந்து பார்த்தேன். சி டிரைவின் வேரில் புதிதாக உருவாகும் கோப்புறையில், உள்ளே நுழைந்த எந்தப் பயனரும் எழுதலாம், மாற்றலாம் என்பதுதான் விண்டோஸின் இயல்பு. பூட்டின் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்டதுபோல் ஆயிற்று.

சரிசெய்யும் முறை: நிரல் இருக்கும் உட்கோப்புறையையும் தரவு இருக்கும் உட்கோப்புறையையும் பிரித்துப் பாருங்கள். நிரல் கோப்புறையில் பயனர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் அனுமதி. தரவுக் கோப்புறையில் எழுத அனுமதி. பாத் விதி நிரல் கோப்புறைக்கு மட்டும். கையொப்பம் இருந்தால் பாத் விதியே வேண்டாம், பப்ளிஷர் விதி எழுதுங்கள். மென்பொருள் விற்றவரிடம் 'எந்தக் கோப்புறையில் எழுத வேண்டியிருக்கிறது?' என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். எங்களுக்குப் பதில் வர எட்டு நாள் ஆனது.

கையொப்பமும் இல்லை, கோப்புறையையும் இறுக்க முடியாது என்றால் கோப்பை அதன் கைரேகை போன்ற எண்ணால் அடையாளம் காணும் 'ஹாஷ்' விதிதான் கதி. மென்பொருள் ஒவ்வொரு முறை மேம்படும்போதும் புதிதாக எழுத வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

6. சேவையை ஓடவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள்

'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' என்ற சேவை ஓடாவிட்டால் ஆப்லாக்கர் வெறும் காகிதப் புலி. சர்வீசஸ் திரையில் அதைத் தானியங்கியாக மாற்ற முயன்றால் விண்டோஸ் மறுக்கும். அது பாதுகாக்கப்பட்ட சேவை. நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்சி' கட்டளையால்தான் மாற்ற முடியும்.

சேவை ஓடத் தொடங்கியதும் ஆடிட் நிலையில் எதுவும் தடைபடாது, ஆனால் தடைபட்டிருக்கக்கூடியவை பதிவாகும். விண்டோஸின் பதிவேடான ஈவண்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆப்லாக்கர் என்று இறங்குங்கள். இஎக்ஸ்இ பதிவில் 8003 என்றால் 'அமலில் இருந்தால் தடுத்திருப்பேன்'. 8004 என்றால் தடுத்தேவிட்டது. ஸ்கிரிப்டுக்கும் இன்ஸ்டாலருக்கும் அவை 8006, 8007. பதிவேட்டின் கொள்ளளவு இயல்பாகச் சுமார் 1 எம்பிதான். சில நாளில் நிரம்பிப் பழையதை அழித்துவிடும். முதல் நாளே கூட்டிவிடுங்கள்.

எவ்வளவு நாள்? ஒரு முழு மாதச் சுற்று. சம்பளம் போடும் நாளில் மட்டும் திறக்கும் நிரல், மாதக் கடைசியில் மட்டும் அச்சிடும் அறிக்கை என்று இருக்கும். இரண்டு வாரத்தில் முடித்தால் அவை கண்ணில் படாது. எங்கள் பதிவேட்டில் நான்காம் வாரம்தான் ஒரு 8006 முளைத்தது. மூத்த கணக்காளர் அண்ணன் தன் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு ஸ்கிரிப்ட்); மாதக் கடைசியில் தரவை வெளி டிஸ்க்கில் நகலெடுக்க யாரோ எழுதிக்கொடுத்தது. அது தெரியாமல் பூட்டியிருந்தால் காப்புநகல் சத்தமில்லாமல் நின்றிருக்கும். அதைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஒரு கோப்புறையில் வைத்துக் குறுக்குவழிச் சின்னத்தை மட்டும் டெஸ்க்டாப்பில் விட்டேன்.

7. பூட்டும் நாள்

மாதத்தின் 1 முதல் 15 வரை வேண்டாம். மார்ச் மாதம் படிவம் இ (முதலாளிகள் வரித் துறைக்குத் தரும் படிவம்) வேலை, ஏப்ரலில் தனிநபர் வரிக் கணக்கு, அப்போதும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், சனி, ஞாயிறு யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள், திங்கள் காலை எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். நான் எடுத்தது ஒரு 18ஆம் தேதி, செவ்வாய்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பூட்டாதீர்கள். முதல் வாரம் உங்கள் கணினியும் இன்னொன்றும். அடுத்த வாரம் ஐந்து. மூன்றாம் வாரம் மீதி. பிராப்பர்டீஸில் 'ஆடிட் ஒன்லி'யை 'என்ஃபோர்ஸ் ரூல்ஸ்' என்று மாற்றினால் போதும். ஸ்கிரிப்ட் விதி அமலானதும் சாதாரணப் பயனருக்கு விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் கட்டுப்பட்ட நிலையில்தான் திறக்கும். அது கோளாறு அல்ல.

ஒரு கணினியில் எழுதிய விதிகளை 'எக்ஸ்போர்ட்' செய்து மற்றவற்றில் 'இம்போர்ட்' செய்யலாம். அங்கும் ஒரு பொறி: இந்தத் திரை வழியாக இம்போர்ட் செய்தால் அங்கே ஏற்கெனவே இருந்த விதிகள் முழுவதும் அழிந்து புதியவை உட்காரும். ஒரு கணினிக்கென்று தனியாக எழுதியது இருந்தால் முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி போடுங்கள்.

8. பூட்டிய பிறகு

'இந்தச் செயலியை உங்கள் கணினி நிர்வாகி தடுத்துள்ளார்' என்ற பொருளில் திரையில் பெட்டி வரும்போது ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்களிடம் ஒரு பக்கப் படிவம்: என்ன நிரல், எதற்கு, யார் அனுப்பியது, எந்தத் தேதி. மூன்றாம் கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதே பாதிப் பேர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இது எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். வேர்டு, எக்செல் கோப்புக்குள் இருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரல், உலாவியின் நீட்சி, ஏமாற்றிக் கடவுச்சொல்லைக் கேட்கும் இணையப் பக்கம் ஆகியவை ஆப்லாக்கரின் கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் தடுப்பியையும் காப்புநகலையும் கைவிட்டுவிடாதீர்கள்.

மென்பொருள் விற்றவரின் தொழில்நுட்ப ஆள் ஒருநாள் கூப்பிடுவார். தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் கருவியை இறக்கி டவுன்லோட்ஸிலிருந்தே திறக்கச் சொல்வார். திறக்காது. "அந்தப் பூட்டை ஐந்து நிமிடம் எடுத்துவிடுங்கள், மேடம்" என்பார். எடுக்காதீர்கள். அந்தக் கருவியை நிர்வாகிக் கணக்கில் நீங்களே புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவி வைத்திருங்கள். அவர் கூப்பிடும்போது குறுக்குவழிச் சின்னத்தைத் தட்டி, திரையில் வரும் இணைப்பு எண்ணைப் படித்துக் காட்டினால் போதும். அவர் வேலை முடிந்து போனதும் ஈவண்ட் வியூவரைத் திறந்து 8004 ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.